தொடர்புடைய திட்டங்கள்: ஒரு பட்டியலின் வரலாறு

வேலை முடிந்த ராத்திரிகளில் பழைய மழைக் கணக்கைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான தினசரி மழையளவைக் கால் டிகிரிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் தருகிறது. கிழக்கு மேற்காக 135 புள்ளிகள், தெற்கு வடக்காக 129 புள்ளிகள். போன மாதம் இதை வேறு இடைவெளியில் புள்ளிகள் உள்ள இன்னொரு தரவோடு ஒப்பிட வேண்டியிருந்தது. ஒன்றை மற்றொன்றின் அளவுக்கு மாற்ற ஒரு கருவி வேண்டும். ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியின் ஆவணங்களில் 'தொடர்புடைய திட்டங்கள்' என்ற பக்கம் இருந்தது. அதில் பொருத்தமாகத் தெரிந்த ஒன்றை எடுத்தேன். இரண்டு ராத்திரி மல்லுக்கட்டியும் இன்ஸ்டால் ஆகவில்லை. அப்புறம்தான் கோடைத் திறந்து பார்த்தேன். யாரும் கை வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பெயர் வேண்டாம். எழுதியவர் தன் ஓய்வு நேரத்தில் இலவசமாக எழுதித் தந்தது அது.

கோபம் அடங்கியதும் வேறு கேள்வி வந்தது. இந்த மாதிரிப் பட்டியல்களை யார் எழுதுகிறார்கள்? எப்போதிருந்து எழுதுகிறார்கள்? தேடியதில் கிடைத்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

கதை நெட்சிடிஎஃப் என்ற கோப்பு வடிவத்தில் தொடங்குகிறது. நான் சொன்ன மழைத் தரவு இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று வெறும் பைனரி கோப்பு. அதைத் திறந்தால் எண்கள் மட்டும்தான். 135, 129 என்ற கணக்கும், தரவு இல்லாத இடத்தில் -999 என்று போட்டிருப்பார்கள் என்பதும் தனிக் குறிப்பில் இருக்கும். குறிப்பு தொலைந்தால் கோப்பும் தொலைந்த மாதிரிதான். இன்னொன்று நெட்சிடிஎஃப். அதில் எந்த அச்சு எது, அலகு என்ன, விடுபட்ட மதிப்பு எது என்பதெல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும்.

1980களின் நடுவில் நாசாவின் காடர்ட் மையம் சிடிஎஃப் என்ற வடிவத்தை உருவாக்கியது. அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் போல்டர் நகரில் இருக்கும் யூனிடேட்டா என்ற அமைப்பில் ரஸ் ரூ, க்ளென் டேவிஸ் ஆகியோர் 1980களின் கடைசியில் நெட்சிடிஎஃபை உருவாக்கினார்கள். எந்தக் கம்ப்யூட்டரில் எழுதினாலும் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம் என்பது அதன் முக்கிய வசதி.

ஆனால் அது படிக்கவும் எழுதவும் மட்டுமே தெரிந்த லைப்ரரி. கூடவே வந்த கருவிகளும் சின்னவை: கோப்பை எழுத்தாக மாற்றிக் காட்ட என்சிடம்ப், எழுத்திலிருந்து கோப்பு செய்ய என்சிஜென். படம் வரையாது, சராசரி போடாது. அதெல்லாம் வெளியே இருப்பவர்கள் செய்ய வேண்டியது. செய்தார்கள். ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் டேவிட் பியர்ஸ் எழுதிய என்சிவியூ, சார்லி செண்டர் தொடங்கிய என்சிஓ, ஹாம்பர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் சிடிஓ, நாசாவின் பனோப்ளி என்று வரிசையாக வந்தன. இவற்றையெல்லாம் யூனிடேட்டா ஒரே பக்கத்தில் தொகுத்தது. இலவசமானவை ஒரு பகுதி, காசு கொடுத்து வாங்குபவை ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விளக்கம்.

அந்தப் பக்கத்தின் முன்னுரையில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்: பட்டியலைப் புதுப்பித்து வைக்கக் கருவிகளை எழுதியவர்களைத்தான் நம்பியிருக்கிறோம் என்று. சிக்கலே அங்கேதான். உயிரோடு இருக்கும் திட்டத்தின் ஆள் வந்து தன் வரியைத் திருத்துவார். கைவிடப்பட்ட திட்டத்துக்கு ஆளே இல்லை. அந்த வரியை யார் வந்து திருத்துவது? எனக்கு நடந்தது வேறு பட்டியலில் என்றாலும் காரணம் இதுதான்.

இனி அடுத்த தலைமுறைக்கு வருவோம். 2014 மே மாதம் பைத்தானில் 'எக்ஸ்ரே' என்று ஒரு லைப்ரரி வெளியானது. ஸ்டீபன் ஹோயர் கிளைமேட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தபோது தொடங்கியது. நெட்சிடிஎஃபின் அமைப்பை அப்படியே நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பாண்டாஸ் மாதிரி பெயர் சொல்லித் தரவை எடுக்கலாம். 2016 ஜனவரியில் பெயரை 'எக்ஸ்அரே' என்று மாற்றினார்கள். நிஜ எக்ஸ்ரேவை வைத்து ஆராய்ச்சி செய்யும் ஒரு துறையே இருக்கிறதே, அவர்களோடு குழப்பம் வேண்டாம் என்பது காரணம்!

எக்ஸ்அரேயும் நெட்சிடிஎஃபின் வழியிலேயே போனது. வானிலைக்கோ கடலியலுக்கோ மட்டும் உரியதை உள்ளே சேர்ப்பதில்லை. அது வெளித் திட்டங்களின் வேலை. அதனால் இதற்கும் ஒரு 'தொடர்புடைய திட்டங்கள்' பக்கம் தேவைப்பட்டது. புவியியல், மெஷின் லேர்னிங், படம் வரைதல் என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே எதைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்று பதில் சொல்லும் லைப்ரரிக்கு, 'வேறு எங்கே கிடைக்கும்' என்று சொல்லும் கடமையும் வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தைப் பின்னிணைப்பு என்று தள்ள முடியாது. வடிவமைப்பில் எடுத்த முடிவின் மறுபாதி இது.

இந்த ஆவணங்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கேள்வி பதிலில் போட்டித் திட்டங்களையும் சொல்லியிருப்பது. பிரிட்டிஷ் வானிலை நிறுவனத்தின் ஐரிஸ் பற்றிச் சொல்லும்போது, எங்கள் முறை வேகமானது என்று நினைக்கிறோம், ஆனால் ஐரிஸில் நல்ல துறைசார் வசதிகள் உண்டு, இங்கிருந்து அங்கே மாற்றிக்கொள்ள வழியும் தந்திருக்கிறோம் என்ற தொனியில் எழுதியிருக்கிறார்கள். அதே பதிலில் யூவி-சிடாட் என்ற இன்னொரு தொகுப்பும் வரும். சிடாட் குடும்பம் 2023 முடிவோடு நிறுத்தப்பட்டது. அதன் வாரிசாக வந்த எக்ஸ்சிடாட் எதன் மேல் கட்டப்பட்டது தெரியுமா? எக்ஸ்அரே மேல்தான். கேள்வி பதிலில் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவரின் வாரிசு, இப்போது தொடர்புடைய திட்டங்களில் சொந்தக்காரர். இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் பத்து வருஷ வரலாறு தெரிகிறது. இப்படி யாரும் திட்டமிட்டு எழுதவில்லை என்பதும் உண்மை.

எக்ஸ்இஎஸ்எம்எஃப் கதை வேறு மாதிரி. நான் தேடிய அதே வேலையைச் செய்யும் கருவி. ஹார்வர்டில் ஒரு ஆராய்ச்சி மாணவர் எழுதியது. அவர் அந்தத் துறையை விட்டு நகர்ந்த பிறகு, பான்ஜியோ என்ற கூட்டமைப்பு நகலெடுத்துத் தொடர்ந்து பராமரிக்கிறது. பழைய முகவரியும் இருக்கிறது, புதிய முகவரியும் இருக்கிறது. பட்டியல் எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்து ஒரு புது ஆள் ஓடுகிற கருவிக்குப் போவாரா, நின்றுபோனதற்குப் போவாரா என்பது முடிவாகும். கடைசியில் என் மழைக் கணக்கும் இதில்தான் முடிந்தது. புதிய முகவரியிலிருந்து எடுத்தேன். அரை மணி நேர வேலை.

தனி ஆள் என்றால்தான் ஆபத்து, நிறுவனம் என்றால் நிலைக்கும் என்று நினைத்திருந்தேன். 2025 மே மாதம், அரசு நிதி வந்து சேராததால் யூனிடேட்டாவே தன் பெரும்பாலான பணிகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஊழியர்களில் பெரும்பாலோரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. மற்றவர்களின் கருவிகளையெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருந்த இடம் அது.

இதையெல்லாம் படித்த பிறகு, பட்டியல் எழுதுகிறவர்களுக்கு ஒரு எளிய யோசனை. ஒவ்வொரு கருவிக்கும் 'என்ன செய்யும்' என்பதோடு இன்னும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தோம், நின்றுவிட்டது என்றால் அதைப் பயன்படுத்தியவர்கள் இப்போது எதற்குப் போயிருக்கிறார்கள். நின்றுபோனதை அப்படியே விடவும் வேண்டாம், சத்தமில்லாமல் நீக்கவும் வேண்டாம். பத்து வருஷம் முந்தைய ஒரு ஆய்வுக் கட்டுரையில் அந்தப் பெயர் இருக்கும். அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க நினைப்பவருக்கு அந்த ஒரு வரிதான் வழி. எக்ஸ்அரே மாதிரித் திட்டங்களில் ஆவணமும் கோடோடு சேர்ந்தே இருப்பதால், எந்த வரி எப்போது வந்தது, எப்போது போனது என்று பழைய பதிவுகளில் தோண்டி எடுக்கலாம்தான். ஆனால் தோண்டத் தெரிந்தவர்களுக்காக மட்டும் ஆவணம் எழுதுவதில்லையே.

என்னிடம் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. மழைத் தரவுக்கு நான் பயன்படுத்திய கருவிகள் பதினொன்று. இந்த வாரம் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து எதிரே தேதி போட்டேன். இரண்டு ஓடவில்லை. அவற்றை நீக்கவில்லை.