சகோதரர்களும் கறுப்பு உருண்டையும்



லாட்ஜ் என்றால் நம் பக்கத்தில் பேருந்து நிலையத்தருகே வாடகைக்கு அறை விடும் கட்டடம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறு லாட்ஜ். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்ளும் ஃப்ரீமேசன் சபை அது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நன்கொடைப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பள்ளிக்கூடத்து மின்விசிறியின் இறக்கையில்கூடக் கொடுத்தவர் பெயர் இருக்கும். ஆகவே சேவையின் வரலாற்றைப் படிக்கும்போது, கொடுத்தவர்களின் கூடத்தில் யாரெல்லாம் உட்கார முடிந்தது என்றும் கேட்கிறோம். சேவை பொய்யில்லை. கோயம்புத்தூரில் மேசன்கள் குழந்தைகளுக்கென மருத்துவமனை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதைச் சிறுமைப்படுத்த நாம் வரவில்லை.

இவர்களின் சட்டநூல் 1723-இல் லண்டனில் அச்சானது. மதக் கருத்து வேறுபாட்டைத் தடையாகக் கொள்ளாத அந்த நூல் அடிமைகளையும் பெண்களையும் விலக்கியது. சுதந்திரமாகப் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடிமையாகப் பிறந்து பின்னர் விடுதலை பெற்றவனுக்கும் கதவு அடைபட்டது. அந்தச் சொல்லை இங்கிலாந்தின் பெருஞ்சபை மாற்ற 1847 ஆயிற்று. பிறப்பை வைத்து ஆளை அளப்பது நமக்குப் புதிதா என்ன?

சென்னைக் கோட்டைக்கு 1752-இல் லாட்ஜ் வந்தது. ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அரச குடும்பத்துக்குக் கதவு எளிதில் திறந்தது. கல்கத்தாவின் பிரசன்ன குமார் தத்தோ ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் போராடி 1872-இல்தான் உள்ளே போனார். பல தெய்வங்களை வணங்கும் இந்துவை எப்படிச் சேர்ப்பது என்பது அன்றைய ஆட்சேபம்.

சேர்க்கும் முறையைக் கவனியுங்கள். ஏற்கெனவே உள்ளவர் பரிந்துரைக்க வேண்டும். பிறகு ரகசிய வாக்கெடுப்பு. சம்மதம் என்றால் வெள்ளை உருண்டை, மறுப்பு என்றால் கறுப்பு உருண்டை. லாட்ஜின் விதியைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ மூன்றோ கறுப்பு விழுந்தால் ஆள் வெளியே. யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று கேட்க முடியாது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் சாதி வேலை செய்ய எழுதப்பட்ட விதி எதுவும் தேவையில்லை.

1886-இல் லாகூர் லாட்ஜில் சேர்ந்த கிப்ளிங், பல மதத்தவரும் ஒரே கூடத்தில் சமமாக அமர்ந்ததைத் 'தாய் லாட்ஜ்' கவிதையில் நெகிழ்ந்து பாடினார். ஆனால் விருந்து மட்டும் வைப்பதில்லை, ஒரு சகோதரரின் சாதி கெட்டுவிடக் கூடாதே என்று அதே கவிதை சொல்கிறது. சகோதரத்துவம் சோற்றுக்கு முன்னால் நின்றுவிட்டது.

பெண்களையும் சேர்த்துக்கொண்ட கூட்டு மேசன் இயக்கத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் அன்னி பெசன்ட். அவரே 1909-இல், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்று எழுதினார். அவர்கள் தின்னும் உணவையும் உடல் வாடையையும் காரணம் காட்டினார். அம்பேத்கர் பின்னாளில் அந்தக் கட்டுரையை விரிவாக எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். 'படிப்புக் கொடுப்போம், பக்கத்தில் உட்காரவைக்க மாட்டோம்' என்பதுதான் அதன் சாரம்.

அமெரிக்காவில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பரும் அவருடன் 14 பேரும் 1775-இல் பிரிட்டிஷ் படையினரின் லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தார்கள். வெள்ளையர் லாட்ஜுகள் ஏற்காத நிலையில், லண்டனிலிருந்து 1784-இல் உரிமைப் பத்திரம் பெற்றுத் தனி லாட்ஜ் நடத்தினார்கள். அந்த மரபில் வந்த மேசன்தான் தர்குட் மார்ஷல். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்புக்காக வாதாடியவர் அவர். அவர் நடத்திய சட்ட நிதியத்துக்குக் கறுப்பு மேசன்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். சேவையின் வரலாற்றில் நமக்கு நெருக்கமான பக்கம் இதுதான்.

நம் மண்ணுக்கு வருவோம். அடையாற்றில் 1894-இல் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கிய ஆல்காட்டும் மேசன்தான். அவருடைய உதவியோடு அயோத்திதாசர் 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். உதவியைப் பெற்றுக்கொண்டவர் உதவியவரின் சபையில் ஒதுங்கிக் கிடக்கவில்லை. ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. விலை பெயரிலேயே இருந்தது. அதை வாங்கிப் படிக்க எந்தச் சகோதரரின் பரிந்துரையும் தேவைப்படவில்லை.