படுகளத்துத் துரியோதனனும் ஜப்பானிய அரக்கனும்

கர்நாடகத்தின் ஆனேக்கல்லில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்தக் கதையிலும் என் கண் முதலில் முகத்துக்குத்தான் போகும். இன்றைய பிள்ளைகள் அனிமே என்றால் உயிரை விடுகிறார்கள். 'எல்லாம் ஒரே அச்சு. துடுக்குக்கார நாயகன், சிடுசிடுக்கும் நல்ல மனசுக்காரி, சிரிக்கவே தெரியாத எதிராளி' என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அச்சாக இருந்தால் மட்டம் என்று யார் சொன்னது?

நம் கூத்தையே பாருங்கள். எங்கள் ஊர் தர்மராயசுவாமி கோயிலில் திரௌபதிக்குக் கரகம் எடுப்பார்கள். தமிழ்நாட்டு எல்லை தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் போனால் அதே திரௌபதிக்குப் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. இரண்டு பேர் திரை பிடிக்க, கட்டியக்காரன் கேலியும் கேள்வியுமாக வந்த வேடத்தை வம்புக்கு இழுப்பான். திரைக்கு மேலே கிரீடம் ஆடும்போதே துரியோதனன் வந்துவிட்டான் என்று கூட்டம் நிமிர்ந்து உட்காரும். திரை விலகினால் சிவப்பு அரிதாரம், புஜக்கட்டை, உருட்டும் விழி. ஜப்பானின் கபுகியிலும் முகத்தில் வண்ணக் கோடுகள் உண்டு. ஆனால் அங்கே சிவப்பு வீரனுக்கு, நீலம் கொடியவனுக்கு.

மேற்கிலும் இப்படி அச்சு முகங்கள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கொம்மேதியா தெல் ஆர்த்தே நாடகக்காரர்கள் கஞ்சக் கிழவன், குறும்புக்கார வேலையாள் என்று முகமூடிகளோடு ஊர் ஊராகப் போனார்கள். நாவல் வந்தபின் மதிப்பீடு மாறியது. 1927இல் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் பாத்திரங்களை, ஒரே குணத்தில் அடங்குகிற தட்டை, நம்மை வியக்கவைக்கிற உருண்டை என்று பிரித்தார். அதன்பின் தட்டை என்பது வசைச்சொல் போலாகிவிட்டது. ஜப்பானில் படக்கதை ஓவியர் ஒசாமு தெசுகாவோ, தான் வரைந்த முகங்களை நடிகர்களைப் போல ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்கு அனுப்பினார். அவருடைய 'அஸ்ட்ரோ பாய்' 1963இல் தொலைக்காட்சிக்கு வந்தது.

அச்சின் பலம் கடைசியில்தான் தெரியும். டிஸ்னியின் பழைய படங்களில் வில்லன் மலையுச்சியிலிருந்து விழுந்தால் கதை தீர்ந்தது. அவனுக்காக அழ ஆளில்லை. 2025இல் தமிழ் பேசியும் திரைக்கு வந்த 'டீமன் ஸ்லேயர்' படத்தில் அகாசா என்ற அரக்கன் சாகும்போது, நோயாளித் தகப்பனின் மருந்துக்காகத் திருடிய சிறுவனாக அவன் இருந்த காலம் விரிகிறது. பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனன் சாகும் படுகளத்திலும் இதுதான் நடக்கும். மண்ணால் ஆன பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். உடனே காந்தாரி வேடம் ஒப்பாரி வைக்கும். இரவெல்லாம் அவனைத் திட்டிய பெண்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

முகத்தைப் பார்த்த உடனே ஆளை முடிவுகட்ட விட்டு, பிறகு அந்த முடிவையே ஆட்டிப்பார்க்கிற வித்தை இது. கூத்தும் அனிமேவும் இதில் ஒரே பள்ளி. பிள்ளைகளைப் படம் பார்க்காதே என்று அதட்டுவதை விடுங்கள்; அடுத்த கோடையில் ஒரு படுகளத்துக்கு அழைத்துப்போங்கள்.