மோரீசுக்குப் போனவன்

கல்யாணமான புதுசுல தங்கமணிக்கு நான் அள்ளி விட்ட வாக்குறுதிகளில் ஒன்றே ஒன்றுதான் கடைசி வரை தாக்குப்பிடித்தது. "உன்னை ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்." நீலக்கடல், தென்னை மரம், வெள்ளை மணல் இத்யாதி இத்யாதி. அப்புறம் பையன் பிறந்தான், வீட்டுக்கடன் வந்தது, அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் வந்தது. தீவு மட்டும் அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது. டிவியில் எந்தப் பாட்டில் கடற்கரை வந்தாலும் தங்கமணி ஒரு பார்வை பார்ப்பார். பேச்சு கிடையாது, பார்வை மட்டும்தான். அனுபவஸ்தர்களுக்குப் புரியும்.

ஒரு வழியாக 2018 ஆகஸ்டில் கிளம்பினோம். நாங்கள் ரெண்டு பேர், காரைக்காலில் கூடப் படித்த ரெண்டு நண்பர்கள், அவரவர் தங்கமணிகள், ஆக மொத்தம் ஆறு பேர். நண்பர்களில் ஒருத்தன் நிரவிக்காரன். இன்னொருத்தன் சொல்தா வீட்டுப் பையன்.

சொல்தா யாருன்னு வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லணும். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பங்களுக்கு எங்க ஊர்ப்பக்கம் அதுதான் பெயர். காரைக்கால் 1954 நவம்பர் 1-ல் இந்தியா வசம் வந்தாலும், சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னு எழுதிக் கொடுத்தவர்களின் வாரிசு நம்ம ஆள். பாஸ்போர்ட் பிரான்சு, நாக்கு காரைக்கால். நாங்க அஞ்சு பேரும் விசாவுக்கு ஃபைல் தூக்கி அலைஞ்சப்போ இவன் மட்டும் காலாட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்.

எந்தத் தீவுன்னு பஞ்சாயத்து நடந்தது. மாலத்தீவு, அந்தமான், பாலின்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். "மாப்ளே, ரீயூனியன் போவோம்டா. எங்க பெரியப்பா பசங்க ரெண்டு பேர் அங்கதான் வேலையில இருக்காங்க. தங்கச் செலவு மிச்சம். பக்கத்துலதான் மொரீஷியஸ், அதையும் பாத்துடலாம்" என்றான் சொல்தா. தங்கச் செலவு மிச்சம்னதும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எனக்கு ஓடினது வேற. மொரீஷியஸ்னு அவன் சொன்னதும் எங்க ஆத்தா ஞாபகம் வந்துடுச்சு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் அம்பகரத்தூர். திருநள்ளாறைத் தாண்டி மேற்கே போனால் வரும். பத்ரகாளியம்மன் கோயில்னா சுத்துப்பட்டு ஜனங்களுக்குத் தெரியும். அம்பரன் என்கிற அசுரனை அம்மன் வதம் செய்த இடம் என்பது ஐதீகம். வைகாசியில் மகிஷ சம்ஹாரத் திருவிழாவுக்குக் கூட்டம் அள்ளும். அந்த ஊரில் என் அப்பாவைப் பெத்த ஆத்தா, கடைக்குப் போய் லேட்டா வந்தா என்னைத் திட்டும் வசவு ஒன்று உண்டு: "போனா போன எடம், மோரீசுக்குப் போனவனாட்டம்!"

ஏதோ வட்டார வசவுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். பத்தாவது படிக்கும்போதுதான் கேட்டேன். அது வசவு இல்லையாம், ஆளாம். எங்க தாத்தாவோட தாத்தாவுக்கு ஒரு தம்பி. தாது வருஷப் பஞ்சத்துல, அதாவது 1876-77 வாக்கில், வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாத ஒரு நாள் "காரைக்கால் வரைக்கும் போய்ட்டு வர்றேன்"னு சொல்லிட்டுக் கிளம்பினவர். திரும்பி வரலை. மோரீசுக்குக் கப்பலேறிட்டதா யாரோ வந்து சொன்னார்களாம். அவ்வளவுதான் கதை. கொசுவர்த்தியை அணைச்சாச்சு.

இனி கொஞ்சம் சரித்திரம். ரீயூனியன் தீவுக்குப் பழைய பெயர் புர்போன். 1848 டிசம்பர் 20-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விடுதலை. நல்ல விஷயம்தான். ஆனால் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஆகிவிட்டது. விடுதலை ஆனவன் எவன் அதே தோட்டத்துக்குத் திரும்புவான்? ஆள் எங்கே கிடைக்கும்னு தேடினால், பிரெஞ்சுக்காரன் கையிலேயே ரெண்டு துறைமுகம் இருந்தது. புதுச்சேரி, காரைக்கால்.

இங்கேதான் எங்க ஊரோட பூகோளம் வேலை செய்தது. காரைக்கால் என்பது தஞ்சாவூர் ஜில்லாவுக்கு நடுவில் பிரெஞ்சுக்காரன் வைத்திருந்த ஒரு துண்டு. சுத்தி மூணு பக்கம் ஆங்கிலேயன் சீமை, ஒரு பக்கம் கடல். வயல் வரப்பைத் தாண்டினால் தேசம் மாறிவிடும். மேஸ்திரிகள் கிராமம் கிராமமாகப் போய் முன்பணம் கொடுத்து, சோறு போட்டு, ஆளைக் கூட்டி வந்து வரப்பைத் தாண்டிவிட்டால் போதும், ஆங்கிலேயச் சட்டம் செல்லாது. தஞ்சாவூர் ஆட்களை ஏமாத்திக் கடத்துகிறார்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகள் புகார் எழுதினார்கள். (அவர்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. 1834-லிருந்தே மொரீஷியசுக்கு இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள்தான்.) கடைசியில் ரெண்டு பேரும் சமாதானமாகி, 1860-லும் 1861-லும் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கப்புறம் ஆங்கிலேயப் பிரஜைகளும் சட்டப்படியே பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போகலாம். காரைக்காலில் ஆங்கிலேயரின் ஏஜெண்ட் ஒருத்தர் உட்கார்ந்து, கப்பல் ஏறுகிறவன் மனசறிஞ்சுதான் ஏறுகிறானா என்று விசாரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அஞ்சு வருஷக் கூலி ஒப்பந்தம். ஆம்பளைக்கு மாதம் 12.50 பிராங்க், அன்றைய கணக்கில் அஞ்சு ரூபாய். பொம்பளைக்கு அதிலும் குறைவு. 1848-க்குப் பிறகு ரீயூனியனுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இப்படிப் போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். இன்னும் பல்லாயிரம் பேர் உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு. அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் நிற்கும். படகில் போய் ஏறணும். பாய்மரக் கப்பலில் ரீயூனியனுக்கே ஒரு மாசத்துக்கு மேல் ஆகும், மார்த்தினிக்னா மூணு மாசம்.

நாங்க மொரீஷியசில் இறங்கி ரெண்டு நாள் இருந்தோம். போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் பார்த்தோம், கூலிகள் இறங்கிய கரை. 2006-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அந்த ஊர் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் இருக்கு, தமிழ் எண்களோடு. 1998-ல் புது நோட்டில் தமிழை ஹிந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதிச்சு எழுந்ததில், அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நிரவிக்காரன் ஞாபகார்த்தமா ஒரு நோட்டை எடுத்து வச்சுக்கிட்டான். அங்கேருந்து ரீயூனியன் முக்கால் மணி நேர விமானம். சாண்ட்விச்சைப் பிரிக்கிறதுக்குள்ள இறங்கியாச்சு.

வெள்ளை மணல் விவகாரத்தையும் சொல்லிடறேன். ரீயூனியன் எரிமலைத் தீவு. நாங்க முதல்ல போன எதாங் சலே கடற்கரையில் மணல் கன்னங்கரேல்னு இருந்தது. தங்கமணி என்னையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தார். சரி கடல்ல இறங்கலாம்னா, 2011-லிருந்து வரிசையா சுறா தாக்கி ஆட்கள் செத்ததால் பவளப்பாறைக்கு உள்பக்கம், காவல் இருக்கும் இடம் தவிர மத்த கடலில் குளிக்கத் தடை. மலைக்குப் போனால் ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், மைதோ உச்சியில் பல் தந்தியடிக்குது. "வெப்பமண்டலத் தீவுன்னீங்களேண்ணே" என்று நிரவிக்காரன் மனைவி போர்வைக்குள்ளிருந்து கேட்டது இன்னும் காதில் இருக்கு. கடைசியில் லெர்மித்தாஜ் காயலில் வெள்ளை மணலும் தெளிந்த தண்ணியும் கிடைச்சு மானம் காப்பாத்தப்பட்டது. அரை நாள் ஆறு பேரும் முட்டியளவு தண்ணியில் சின்னப் பசங்க மாதிரி கிடந்தோம். அந்த அரை நாளுக்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தது தகும்.

அதுக்கு மறுநாள்தான் லா கிராந்த் ஷாலூப் போனோம். சேன் தெனி நகரத்துக்கும் லா பொசெசியோனுக்கும் நடுவில், மலை இடுக்கில் ஒரு சின்ன ஓடை கடலில் சேரும் இடம். கடலுக்குள் தூண் நட்டுப் புதுச் சாலை கட்டிக்கொண்டிருந்தார்கள் (2022-ல் திறந்தார்களாம்). ஓடைக்கு அந்தப் பக்கம் கறுங்கல் சுவர் வைத்த நீளமான கட்டடம். லசரே என்பார்கள். கப்பலில் வந்தவர்களை, நோய் நொடி கொண்டு வந்திருப்பார்களோ என்று ஊருக்குள் விடாமல் நாள் கணக்கில் அடைத்து வைத்த இடம். 1860-களில் கட்டியது. இப்போது புதுப்பித்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அழகாக இருக்கிறது, அதுதான் சங்கடம். எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கிட்டோம். நானும்தான். எடுத்த பிறகுதான் உறைத்தது, எங்க சின்னப்பாட்டன் மோரீசுக்குப் போகாமல் இங்கே வந்திருந்தால்? எங்க பக்கத்து ஜனங்களுக்குக் கடல் தாண்டிய கரும்புத் தீவு எல்லாமே மோரீசுதான். காரைக்காலில் ஏறியிருந்தால் பிரெஞ்சுத் தீவுக்கு வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சொல்தா விடவில்லை. "வாடா, கேட்டுப் பாத்துடுவோம்"னு சேன் தெனியில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். மேசையில் இருந்த அம்மா பொறுமையானவர். இவன் பிரெஞ்சில் பேசப் பேசக் குறித்துக்கொண்டார். எந்த வருஷம்? சுமாராகச் சொன்னோம். எந்தக் கப்பல்? தெரியாது. பெயர்?

எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது, அவர் பெயர் எனக்குத் தெரியாது என்று. ஆத்தா ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நாலு தலைமுறையா வீட்டில் அவர் மோரீசுக்குப் போனவன், அவ்வளவுதான். பெயர் இல்லாமல் எதைத் தேடுவது? அந்த அம்மா குறித்த காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார். தங்கமணி அதை வாங்கிக் கைப்பைக்குள் வச்சுக்கிட்டார்.

பெயர் தெரிந்திருந்தாலும் லேசில்லை என்று வெளியே வந்து சொல்தா விளக்கினான். அங்கே ஒரு ஆளின் தனிப்பெயர் அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ராமசாமியின் பிள்ளை ழானோ மரியோ ராமசாமி. செந்த் ஆந்த்ரே ஊருக்கு மேயராக இருந்த ஒருவர் பெயர் ழான் போல் வீரபுள்ளை. ஞானஸ்நானம் வாங்கினால்தான் மதிப்பு என்ற காலத்தில் பாதிரியாருக்கு ஒரு பெயர், வீட்டுக் காளிக்கு ஒரு பெயர். பூர்வீகம் காரைக்கால் என்பார்கள். ஆனால் அது கப்பலேறிய ஊர். ஏறினவன் எந்தக் கிராமத்தான் என்பது பல குடும்பங்களில் மறந்தே போச்சு.

அந்த ஏஜெண்ட் ஏற்பாடெல்லாம் எந்த லட்சணத்தில் நடந்தது என்பதற்கும் பதிவு இருக்கிறது. கூலியைப் பிடித்தம் செய்கிறார்கள், ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் என்று புகார் குவிந்து, 1877-ல் ஆங்கிலேயர் தரப்பில் கோல்ட்ஸ்மித், பிரெஞ்சுத் தரப்பில் மியோ என்று ரெண்டு பேர் அந்தத் தீவுக்கே போய் விசாரித்தார்கள். நிலைமை திருந்தவில்லை. 1882-ல் ஆங்கிலேயர் ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினது சரி. ஏற்கெனவே போனவன் நிலைமை? திரும்பும் கப்பல் செலவு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. எழுதியிருந்ததோடு சரி, பெரும்பாலோர் அங்கேயே தங்கிப் போனார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் செந்த் ஆந்த்ரேயில் சொல்தாவின் பெரியப்பா மகன் வீட்டில் விருந்து. பக்கத்து வீட்டில் ஒரு மல்பார் கிழவி. மல்பார் என்றால் அங்கே தமிழ் வம்சாவளி, மலையாளி இல்லை. எண்பது வயசிருக்கும். எங்க ஊர்க் களத்துமேட்டில் உக்காந்திருந்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. தமிழ் ஒரு வார்த்தை கிடையாது, கிரியோல்தான். தங்கமணிக்கோ பிரெஞ்சும் தெரியாது, கிரியோலும் தெரியாது. ரெண்டு பேரும் தோட்டத்துக்குள்ள போனாங்க. நான் பின்னாலேயே போனேன். கிழவி ஒரு செடியைக் காட்டி "காலுபிலே" என்றது. கறிவேப்பிலை! பந்தலில் தொங்கியதைக் காட்டி "பிபங்காய்". பீர்க்கங்காய். முருங்கையைக் காட்டி "முருங்". தங்கமணி ஒவ்வொன்றையும் நம்ம மாதிரி திருப்பிச் சொல்ல, கிழவி அதைக் கேட்டுச் சிரிச்சுது. பள்ளிக்கூடத்தில் தமிழ் போச்சு, பதிவேட்டில் ஊர் போச்சு, அடுப்படி மட்டும் நூத்தம்பது வருஷமா அசையாமல் நின்றிருக்கு.

தோட்டத்து மூலையில் ஒரு சின்ன மேடை, சிவப்புத் துணி, சூலம், எலுமிச்சம்பழம். "கார்லி" என்றது கிழவி. சொல்தா மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கலை. தங்கமணி செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டார். எங்க ஊரும் காளி ஊர்தான்னு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தன்னைத் தொட்டுக் காட்டி மேடையைத் தொட்டுக் காட்டி "காளி, அம்பகரத்தூர்" என்றார். கிழவி தலையாட்டியது. புரிந்ததோ என்னவோ. கிளம்பும்போது ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடிச்சுக் கொடுத்தது. ஏர்போர்ட்டில் விட மாட்டாங்கன்னு நிரவிக்காரன் சொல்லியும் கேட்காமல், ராத்திரி ரசத்தில் போட்டுத் தீர்த்த பிறகுதான் தங்கமணி பெட்டி கட்டினார்.

ஊருக்கு வந்த வாரமே அம்பகரத்தூர் போய் அத்தையைப் பார்த்தேன். ஆத்தாவுக்குக் கடைசி மகள், எண்பத்திரெண்டு வயசு. மோரீசுக்குப் போனவர் பெயர் என்ன அத்தேன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சுது. "வீரான்னு ஆரம்பிக்கும்டா. வீராசாமியோ, வீரப்பனோ. எங்கம்மாவுக்குத் தெரியும். நீ அப்பவே கேட்டிருக்கணும்" என்றது.

போனில் சொல்தாவிடம் சொன்னேன். வீரா-ல ஆரம்பிச்சா அந்தத் தீவுல பாதிப் பேரு வருவானேடான்னு சிரிச்சான். அப்புறம், "சரி, அடுத்த தடவை அங்கேருந்து ஆரம்பிப்போம்" என்றான். அடுத்த தடவை என்ற வார்த்தை தங்கமணி காதில் விழுந்துவிட்டது. மறுபடி அந்தப் பார்வை ஆரம்பிச்சாச்சு :-)