தெரணியகல அலகுத் திமிங்கிலம்: காண்பதற்கு அரியதன் வாழிடத்தைக் கணிப்பது எப்படி?

1963 ஜனவரி 26 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையில் ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளமுள்ள அலகுத் திமிங்கிலம் ஒன்று கரை ஒதுங்கியது. இலங்கை விலங்கியலாளர் பி.இ.பி. தெரணியகல அதைப் புதிய இனம் என அறிவித்தார். ஈராண்டுகளில் அது வேறோர் இனத்துடன் சேர்க்கப்பட்டது. மரபணு ஆய்வின் அடிப்படையில் 2014-இல்தான் மீண்டும் தனி இனமாக ஏற்கப்பட்டது. அந்த ஆய்வுக்குக் கிடைத்தவை ஏழு மாதிரிகள் மட்டுமே.

இத்தகைய திமிங்கிலங்களின் வாழிடத்தை அறிய, கிடைத்த பதிவுகளைக் கடலின் ஆழம், அடித்தளச் சரிவு, நீரின் வெப்பநிலை ஆகியவற்றுடன் பொருத்திக் கணினி மாதிரிகள் உருவாக்கப்படுகின்றன. இதில் பெரும் இடர்ப்பாடு, இவை மேற்பரப்பில் தங்கும் நேரம் மிகக் குறைவு என்பதே. இக்குடும்பத்தைச் சேர்ந்த குவியே அலகுத் திமிங்கிலம் ஒரே மூச்சில் 222 நிமிடங்கள் மூழ்கியிருந்தது பதிவாகியுள்ளது. ஆய்வுக் கப்பல் கடக்கும்போது விலங்கு ஆழத்தில் இருந்தால், ஏட்டில் ‘இல்லை’ என்றே பதிவாகும். எனவே, கண்ணுக்குத் தப்பும் வாய்ப்பையும் ஆய்வாளர்கள் கணக்கில் சேர்க்கின்றனர். இரை தேட அவை எழுப்பும் ஒலியை நீரடி ஒலிவாங்கிகளால் பதிவு செய்கின்றனர்.

2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளருகே அமெரிக்கக் கடற்படை சோனார் கருவிகளை இயக்கியபோது, அலகுத் திமிங்கிலங்கள் பல கரை ஒதுங்கின. வாழிடத்தை வெற்றுக்கடல் எனத் தவறாகக் காட்டும் வரைபடம், அத்தகைய பயிற்சிகளை அங்கேயே கொண்டுசென்றுவிடக் கூடும்.