பெயரில்லாத முகங்கள்: மலைநாட்டின் நிழற்படங்களும் கல்லூரிச் சுவர்களும்

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்விலைக்கு ஏறி, மடுல்கலை, ஹுலுகங்கை என்று நக்கிள்ஸ் அடிவாரம் வரை நீளும் தோட்டங்கள் முதலில் கோப்பிக்காகத் திறக்கப்பட்டவை. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்த பிறகே தேயிலை அந்த மலைகளைப் பிடித்தது. அதே ஆண்டுகளில்தான் கமெராவும் மலையேறியது. சார்ல்ஸ் ஸ்கோவன் 1870களில் கண்டியில் ஸ்டூடியோ நடத்தினார்; கொழும்பில் ஸ்கீன் நிறுவனம் இருந்தது; 1890இல் பிளாட்டே நிறுவனம் வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள், கங்காணிகள், லயங்கள் என்று இவர்கள் எடுத்த படங்கள் துரைமார்களுக்கும் பயணிகளுக்கும் விற்கப்பட்டு, அல்பங்களாகக் கடல் கடந்து போயின. இன்று மலைநாட்டுக் கல்லூரி ஒன்றில் நிழற்படமும் சிற்பமும் கொண்ட கண்காட்சி வைத்தால் புதுமை என்கிறோம். ஆனால் மலையகத் தமிழரின் உருவம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகக் காட்சியில் இருக்கிறது. பார்த்தவர்கள்தான் வேறு ஊர்க்காரர்கள். அதனால் இங்கே வைக்கப்படும் கண்காட்சி எதுவும் அந்தப் பழைய படங்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

அவை வெள்ளைக்காரன் தேயிலை விற்க எடுத்த படங்கள், மறுபடி சுவரில் மாட்டினால் பழைய அவமானத்தை மறுபடி மாட்டுவதாகும் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, இருட்டுக் கூடாரத்தில் அங்கேயே கழுவியாக வேண்டும். ஒளி பதியச் சில வினாடிகள் பிடிக்கும். ஆகவே கொழுந்தில் கை வைத்து நிற்கும் பெண் வேலை செய்யவில்லை. வேலை செய்வதுபோல் நிற்கச் சொல்லி நின்றவள். ஆனால் நிற்க வைத்தவனால் எல்லாவற்றையும் கட்டுப்படுத்த முடியவில்லை. தலையில் மாட்டிய கூடைக் கயிறு, இடுப்பைச் சுற்றிய முரட்டுத் துணி, காதிலும் மூக்கிலும் கிடக்கும் நகை, லயத்து வாசலின் குறுகல் எல்லாம் தகட்டில் ஏறிவிட்டன. நிற்கச் சொன்ன நேரம் நிற்காமல் அசைந்த குழந்தையின் முகம் கலங்கிப் பதியும். சொன்னபடி கேளாத ஓர் உயிர் அங்கே இருந்ததற்கு அந்தக் கலங்கலே சாட்சி. விற்க எடுத்தவனின் நோக்கம் படத்தோடு முடிந்துபோய்விடவில்லை, உண்மைதான். ஆனால் அந்த நோக்கத்தையும் மீறிக் கண்ணாடியில் தங்கியவற்றை வாசிக்க, அந்த நகையையும் கூடையையும் பாட்டியின் பேச்சில் கேட்டு வளர்ந்தவர்களைவிடத் தகுந்தவர்கள் யார்?

குறை படத்தில் இல்லை, அதன் அடியில் எழுதியதில் இருக்கிறது. ‘தமிழ்ப் பெண்’, ‘கூலி லயம்’: இவ்வளவுதான். ஜூலியா மார்கரெட் கமரனையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் படமெடுத்துப் புகழ்பெற்றவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் திக்கோயாவில் இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்கள் பெயரோடு நிற்கிறார்கள். இங்கே எடுத்த தொழிலாளர்கள் பெயரில்லாமல் நிற்கிறார்கள். இதைச் சிறிய விடயமாக நான் பார்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தான், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. தோட்டத்துப் பிறப்புப் பதிவுகள் ஒழுங்காக இல்லாத மக்களால் அது முடியவில்லை. சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அவர்களுடைய முன்னோர் இந்த மண்ணில் நின்றதற்கான படங்கள் அல்பம் அல்பமாக இருந்தன. பெயரில்லாத படம் எந்த அலுவலகத்தில் செல்லும்? பிறகு 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு போட்டது. இந்தியாவுக்குப் போக பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டுக்குப் படம். ஒரே தாளில் தன் முகத்தையும் தன் பெயரையும் சேர்த்துப் பலர் பார்த்தது, பிறந்த மலையை விட்டுப் போவதற்கான தாளில்தான்.

வீடும் காணியும் நியாயமான சம்பளமும் இல்லாத சனத்துக்குக் கண்காட்சி எதற்கு என்ற கேள்விதான் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் காணி கேட்கும் வாதமே ‘நாங்கள் இங்கே இருந்தோம், இந்த மலையை உருவாக்கினோம்’ என்ற சாட்சியத்தின் மேல் நிற்கிறது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் மலையகத் தமிழர் இங்கே வந்த இருநூறு ஆண்டு வரலாற்றைத்தான் காலால் எழுதிக் காட்டினார்கள். கலைக்கூடம் நமக்கு அந்நியம் என்பதும் சரியல்ல. கண்டி திரித்துவக் கல்லூரியின் தேவாலயச் சுவர்களில் டேவிட் பெயின்டர் 1928 முதல் வரைந்த ஓவியங்களில் விவிலியக் கதைகள் இந்த நாட்டு நிலத்தில், இந்த நாட்டு முகங்களோடு நடக்கின்றன. கல்லூரிச் சுவர் யாருடைய முகத்தைத் தாங்கலாம் என்பதற்குக் கண்டியே அன்றைக்கு ஒரு விடை சொல்லிவிட்டது. தோட்டத்து முகங்களுக்கு மட்டும் அந்த இடம் கிடைக்கவில்லை.

இப்போது படைக்கும் கை மாறியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தான் பிறந்து வளர்ந்த மலையக வாழ்க்கையைத் தேயிலைப் பையையும் வடிகட்டியையும் கொண்டே கலையாக்குகிறார். விற்பனைச் சரக்காகப் போன பொருள் சிற்பத்தின் மூலப்பொருளாகத் திரும்பிவருகிறது. ஹந்தானையில் பழைய தேயிலை ஆலையில் அமைந்த அருங்காட்சியகம் இயந்திரங்களையும் தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெய்லரையும் காட்ட, கம்பளைப் பக்கம் 2007இல் திறந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் லயத்தையே கூடமாக்கி வீட்டுப் பாத்திரத்தையும் வேலைக் கருவியையும் காட்டுகிறது. பன்விலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலோ கண்டிக் கல்லூரி ஒன்றிலோ இவை மூன்றும் ஒரே சுவரில் சேரலாம்: ஸ்கோவன் காலத்துப் படம், அனுமதியோடு வாங்கிய பாஸ்போர்ட் படம், இன்றைய பிள்ளைகளின் நிழற்படமும் சிற்பமும். குறிப்புகள் தமிழில் முதலில் இருக்கட்டும். பழைய படத்தின் அடியில் தோட்டத்தின் பெயர், ஆண்டு, எடுத்தவர் பெயர் தெரிந்தவரை எழுதி, நிற்பவரின் பெயருக்கு ஒரு வெற்று வரி விட வேண்டும். மலையையோ லயத்தையோ அடையாளம் கண்டு சொல்ல வரும் பெரியவர்களின் பேச்சைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பதிவுசெய்ய ஒரு மாணவரும் இருக்க வேண்டும்.