எட்டு ரொட்டியும் இருபத்து நான்கு துண்டும்

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் பகலுணவு வேளை. கிருஷ்ணகிரிக்காரர் ஒருவரும், எல்லைக்கப்பால் அத்திப்பள்ளியிலிருந்து வருபவர் ஒருவரும் அடுக்குப் பாத்திரங்களைத் திறக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் ஐந்து சப்பாத்தி, மற்றவரிடம் மூன்று. உணவு கொண்டுவராத மூன்றாமவரையும் அழைத்துக்கொள்ள, மூவரும் சமமாக உண்கின்றனர். அவர் வேண்டாமென்றாலும் கேளாமல் எட்டு ரூபாயை வைத்துவிட்டுப் போகிறார். அதை எப்படிப் பங்கிடுவது? ஐந்தும் மூன்றும் என்று நம்மில் பெரும்பாலோர் சட்டெனச் சொல்லிவிடுவோம்.

இதே வழக்கு ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் முன் வந்ததாக அரபு நூல்கள் கூறுகின்றன. அங்கும் ரொட்டி எட்டு. விருந்தினர் தந்தது எட்டு திர்ஹம். ஐந்து ரொட்டிக்குரியவர் தம் தோழருக்கு மூன்று திர்ஹம் தர இசைந்தார். தோழரோ சரிபாதி கேட்டார். கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளுமாறு அலீ (ரலி) அவர்கள் அறிவுறுத்தியும், நியாயப்படி வருவதே வேண்டுமென அவர் பிடிவாதம் செய்தார். நியாயப்படி அவருக்கு வந்தது ஒரே திர்ஹம்!

ரொட்டி ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிட்டால் 24 துண்டுகள், ஆளுக்கு எட்டு. மூன்று ரொட்டிக்குரியவரின் ஒன்பது துண்டுகளில் எட்டை அவரே உண்டுவிட்டார். விருந்தினருக்குப் போனது ஒன்று. மற்றவரின் பதினைந்தில் எட்டுப் போக ஏழு போயிற்று. கொண்டுவந்ததையன்று, கொடுத்ததையே எண்ண வேண்டும் என்பது இக்கணக்கின் நுட்பம். வட ஆப்பிரிக்கப் புஜியா நகரில் இந்திய எண்களைக் கற்ற இத்தாலியர் பிபனாச்சி, 1202-இல் எழுதிய ‘லிபர் அபாசி’யிலும் இதன் உடன்பிறப்பு உண்டு: ரொட்டி மூன்றும் இரண்டும், காசு ஐந்து, விடை நான்கும் ஒன்றும்.

எல்லாம் மூன்றாகப் பிட்டதில் இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியோ மூன்றின் பக்கம் போகவில்லை. கால், அரைக்கால், வீசம், மா, காணி என இறங்கி, 320-இல் ஒன்றான முந்திரியை அது எட்டும். 320 இரண்டாலும் ஐந்தாலும் மட்டுமே ஆன எண்; மூன்றிலொன்று அதில் மீதமின்றி வராது. ஓசூர்ச் சந்தையில் நம் முக்கால் கன்னடத்தில் முக்காலு, தெலுங்கில் முப்பாவு, உருதுவில் பௌன். யாவும் காலை வைத்தே எண்ணுகின்றன. 1957-இல் பதின்ம நாணயம் வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. அதை மூவர் பங்கிட, அணாவுக்குப் பன்னிரண்டான பைதான் கைகொடுத்தது: ஆளுக்கு ஐந்தணா நான்கு பை.

ஆனால் மூன்றிலொன்றும் ஆறிலொன்றும் இன்றி நம் இல்லங்களில் பாகப்பிரிவினை ஏது? ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்ஜீப்ரா நூல் இயற்றிய அல் குவாரிஸ்மி, அதில் பெரும்பகுதியை வாரிசுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். மனைவி, தாய், தந்தை, ஒரு மகன் ஆகியோரை விட்டு ஒருவர் இறக்கிறார். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் மனைவிக்கு எட்டிலொன்று, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆறிலொன்று. எட்டு பெரிய எண் ஆதலால் மனைவியின் பங்கே பெரிதென மயங்குவோர் உண்டு. சொத்தை 24 கூறாக்கினால் மயக்கம் தீரும்: மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4. கூட்டினால் 11. எஞ்சிய 13 கூறும் மகனுக்கு.