செவித்துணைக் கருவியின் கதை

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால், காது மந்தமான மாணவன் அக்கேள்விச் செல்வத்தை எங்ஙனம் பெறுவான்? இவ்வினாவை என்னுள் எழுப்பியது நூலன்று. திண்டிவனத்தை அடுத்த பள்ளியொன்றில் என்னிடம் பயின்ற சிறுவன்.

1996ஆம் ஆண்டு. ஐந்தாம் வகுப்பின் கடைசி வரிசையில் இருந்தான் அவன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். கவனமற்றவன் எனப் பலமுறை கடிந்தேன். ஒருநாள் வகுப்பிற்கு வெளியேயும் நிறுத்தினேன். மறுநாள் நான் கரும்பலகையை நோக்கிக் கேட்ட கேள்விக்கு விழித்தவன், அதையே அவன் முகம் பார்த்துக் கேட்டதும் விடை கூறினான். என் உதடுகளையே அவன் படித்து வந்தான் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

மாணவர்களே, காது கேளாதார் கல்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. கல்கத்தாவில் 1893இல் அவர்களுக்கென ஒரு பள்ளி தோன்றிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி தமிழகத்திற்கு முன்னோடியாயிற்று.

கருவியின் வரலாறும் சுவையானது. முற்காலத்தில் ஒலியைத் திரட்டிக் காதில் சேர்க்கும் கொம்பு ஒன்றே துணை. 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல், காது கேளாதாரின் ஆசிரியர். அவருடைய அன்னையும் மனைவியும் கேட்கும் திறன் குன்றியவர்கள். அத்தொலைபேசியின் தத்துவத்திலிருந்தே மின்சாரச் செவித்துணைக் கருவி பிறந்தது. 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், வானொலிப் பெட்டிக்குள் புகுமுன்பே இக்கருவிக்குள் புகுந்துவிட்டது. 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் எழுந்தது. 1981இல் எளியோர்க்குத் துணைக்கருவிகள் வழங்கும் திட்டத்தை மத்திய அரசு வகுத்தது.

திட்டம் இருந்தால் மட்டும் போதுமா? பிள்ளையை அங்கே அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டுமன்றோ! முன்பு எங்கள் பகுதியினருக்கு மாவட்டத் தலைநகர் கடலூர். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமானதால் வழி எளிதாயிற்று. நிலக்கடலைக் காட்டில் கூலி வேலை செய்த அவன் தாய், மூன்று நாள் கூலியை இழந்து எங்களுடன் விழுப்புரத்திற்குப் பேருந்தில் வந்தார். ஒருநாள் கேட்கும் திறனை அளந்தனர். ஒருநாள் காதின் அச்செடுத்தனர். மூன்றாம் நாள் கருவி கிடைத்தது. சட்டைப்பையில் சிறு பெட்டி; அதிலிருந்து காதுவரை ஒரு கம்பி.

அவன் மகிழ்வான் என்றிருந்தேன். பேருந்து நிலையத்து இரைச்சலில் அவனோ அஞ்சி அழுதான். கருவி எல்லா ஒலியையும் பெருக்கும். வேண்டியதைப் பிரித்தறியச் செவி பழக வேண்டும். முதல் வரிசையில் இடம், முகம் பார்த்துப் பேசும் ஆசிரியர், கேலி செய்யாத தோழர் ஆகிய மூன்றும் சேர்ந்தே அப்பழக்கத்தைத் தந்தன.

சில மாதங்கள் சென்றபின் அவன் என்னிடம் வந்து, "ஐயா, அன்று என்னை ஏன் வெளியே நிறுத்தினீர்கள்?" என்று கேட்டான். நான் கூறிய காரணம் அன்று அவன் செவியில் விழவேயில்லை! எனக்கு நா எழவில்லை.

இன்று எண்ணியல் கருவிகள் காதின் பின்னே அடக்கமாக அமர்கின்றன. எனினும், குறையை முதலில் காண வேண்டியது அருகிருப்போர் கண்ணே. அழைத்தும் திரும்பாத தோழன் உங்கள் வகுப்பில் இருந்தால், நகையாதீர்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். நான் காலந்தாழ்த்திக் கண்டதை நீங்கள் முன்னரே காண்பீர்களாக.